ஐந்து சதவீத மேகம்

காக்ஸ் டவுன், பெங்களூரு
14 நவம்பர் 2025, வெள்ளிக்கிழமை
காலை 6.40

அன்புள்ள டீனா,

செயற்கைக்கோள் படத்தில் நாங்கள் பார்த்த மொத்தப் புள்ளிகள் 3,184. அதில் காடழிப்பு என்று நாங்கள் குறித்து வைத்திருந்தவை 412. நேற்று மாலை ஐந்து இருபது நிலவரப்படி அது 97. மீதி 315 புள்ளிகளில் காடு அழியவில்லை. நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

இதை எழுதுவதற்குள் இரண்டு தாள் கிழித்தாயிற்று. முதல் தாளில் "சில முரண்பாடுகள் தெரியவந்துள்ளன" என்று ஆரம்பித்திருந்தேன். காபி கொண்டுவந்த மம்மி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பொண்டாட்டிக்கு எழுதுறியா, கவர்மெண்டுக்கு எழுதுறியா?" என்று கேட்டார். கிழித்துவிட்டேன். இரண்டாவதில் உன் உடல்நலம் கேட்டு ஆரம்பித்தேன். அது என் குரல் மாதிரியே இல்லை. அதையும் கிழித்தேன். உடல்நலத்துக்கு வருகிறேன், மறக்கவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். இந்த ஒரு தடவை வேண்டாம். உனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: நாற்பத்து மூன்று ஊர்களின் பட்டியல் என்ன ஆகிறது, நீ தங்கியிருக்கும் ஊர் அடுத்த மாதம் வழக்கம்போல் ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து ஜனவரியில் வெட்டலாமா, கூடாதா. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் போன வாரம் இருந்த நிலைமை இன்று இல்லை. அந்த அளவு நிம்மதியோடு படி.

காடழிப்பால் வெளியேறும் கரியமில வாயுவை நாடு எப்படிக் குறைக்கப்போகிறது என்பதற்கு ஒரு தேசிய உத்தி. அதில் நீ போய் மரம் அளந்துகொண்டிருக்கும் மலைகளைப் பற்றிய ஒரே ஒரு அத்தியாயம் பிரேசர் டவுனில் நம் அலுவலகத்தில் தயாராகிறது. அந்த அத்தியாயத்தில் நான்காவது நடவடிக்கை: "காடு வெட்டிச் சாகுபடி செய்யும் 43 ஊர்களில் அதை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துதல்." உனக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும். அதை எழுதியவன் நான். எழுதிய அன்று அது ரொம்பச் சுத்தமான வரி என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை சரிபார்க்கும் வேலை ஆரம்பித்தோம். ஒருவர் பார்த்த புள்ளிகளில் பத்தில் ஒன்றை இன்னொருவர், முன்னவர் என்ன குறித்தார் என்று தெரியாமல், திரும்பவும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குறிக்கவேண்டும். அதைச் சரசுவிடம் கொடுத்தேன். ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வருவாளே, டிப்ளமோ முடித்தவள், எங்கள் நாலு பேரில் கண் கூர்மையானவள், அவள்தான். அவளுக்குப் போன காடழிப்புப் புள்ளிகள் நாற்பத்தொன்று. அதில் முப்பதைக் 'காடு' என்று குறித்து அனுப்பியிருந்தாள்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. எழுந்து போய் அவள் மேஜை முன்னால் நின்று, கண்ணாடி மாற்றவேண்டுமா என்று கேட்டேன். அவள் அசரவே இல்லை, கன்னடம் கலந்து பதில் சொன்னாள். "சார், நீங்க சும்னே கத்தாதீங்க. காலையில சர்வர் படுத்துடுச்சு. மார்ச் மாசப் படம் ஒண்ணுகூட லோடு ஆகல. கைக்குக் கெடச்ச அக்டோபர் படத்துல பார்த்தேன்" என்றாள்.

அக்டோபர் படத்தில் இருபது, முப்பது சதவீதம் மேகம் இருக்கும். ஐந்து சதவீதத்துக்கு மேல் மேகம் இருக்கும் படத்தைத் தொடக்கூடாது என்பது விதி. அறிக்கையில் அந்த விதிக்கு மட்டும் நாலு பக்கம் இருக்கிறது. அதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

சரசு என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் காட்டினாள். மம்மியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காகப் போன வருடம் வேளாங்கண்ணி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேனே, மறுநாளே அலுவலகத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துவிட்டார்கள். "சார், இந்த போட்டோவைப் பார்த்துட்டு ஒருத்தன் உங்களை வழுக்கைன்னு எழுதினா ஒத்துக்குவீங்களா? போட்டோல ஒரு தப்பும் இல்ல, பளிச்சுன்னுதான் இருக்கு. எடுத்த நாளுதான் தப்பு" என்றாள். பின் மேஜையிலிருந்து டிரேவர் சத்தமாகச் சிரித்தான். "மச்சா, மொட்டைக்கே ரிப்போர்ட் எழுதியிருக்கோம்டா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு புள்ளியின் எட்டு வருடப் படங்களையும், மேகம் இருந்தாலும் பரவாயில்லை என்று, மாதவாரியாக வரிசையாகத் திறந்து பார்த்தோம். ஒன்று முடிந்து இன்னொன்று. பத்தாவது புள்ளியில் நிறுத்திவிட்டேன். போதும், தெரிந்துவிட்டது.

உன் மலைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மேகம். வானம் துடைத்த மாதிரி இருப்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஊர்க்காரர்கள் சரிவை வெட்டிக் காயவைத்து எரிப்பதும் அதே மாதங்களில்தான், மழைக்கு முன்னால். நான் வருடா வருடம் சுத்தமான படமாகத் தேடிப் பொறுக்கினேன். அதாவது வருடா வருடம் மலை மொட்டையாக நிற்கும் வாரத்தையே தேடிப் பொறுக்கினேன். ஒரு வருடம் நெல் போட்டுவிட்டு எட்டு ஒன்பது வருடம் அந்தச் சரிவை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். மரம் திரும்பி வருகிறது. வெட்டியதைப் பார்த்தால் காடழிப்பு என்று எழுதினோம். திரும்பி வந்ததைப் பார்த்தால் 'இன்னும் உறுதியாகவில்லை' என்று ஒதுக்கி வைத்தோம். இரண்டாவது விதியும் என்னுடையதுதான். இரண்டு விதியும் தனித்தனியாகப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். சேர்ந்து நின்றால் நாற்பத்து மூன்று ஊரைக் குற்றவாளியாக்கும்.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி. இனிமேல் எழுதப்போவது அப்படி இல்லை.

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று சரசுவிடம் கேட்டேன். கேட்டது தப்பு. "நான் மூணு மாசமா ரிமார்க்ஸ்ல எழுதிட்டுத்தானே சார் இருக்கேன்" என்றாள். ரிமார்க்ஸ் எதுவும் எனக்கு வரவில்லையே என்றேன். "வரும் சார். நீங்கதான் அந்தக் கட்டத்தை மறைச்சு வச்சீங்க. டேபிள் ஸ்லோவா ஓடுதுன்னு" என்றாள்.

உண்மை. ஜூலை மாதம் நான்தான் மறைத்தேன். ஒவ்வொருவரும் கதை எழுதினால் அட்டவணை நகரவே நகராது, எனக்கு எண் மட்டும் போதும் என்று அன்றைக்குச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திறந்தேன். முந்நூற்றுப் பதினெட்டுக் குறிப்புகள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சரசுவுடையவை. மீதி நூற்று இருபத்தாறு களத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றின் முனையிலும் உன் பெயரின் முதலெழுத்து.

சரசு இரண்டு வரி படித்துவிட்டு, "சார், நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் டீ குடிக்கிறவளே இல்லை. டிரேவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையை அணைத்துவிட்டு என் கம்ப்யூட்டரில் தனியாகப் படித்தேன். மதியம் சாப்பிடவில்லை.

நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுவது அசட்டுத்தனம்தான். இருந்தாலும் படித்தேன் என்பதற்கு வேறு சாட்சி என்னிடம் இல்லை. புள்ளி 1140, ஆகஸ்ட் 19: "ஆறு வருஷம் விட்ட சரிவு. மரமும் மூங்கிலும் கலந்து ஏழு மீட்டர் உயரம். படத்துல வெட்டவெளின்னு போட்டிருக்கீங்க. யாருப்பா பார்த்தது?" புள்ளி 1877, செப்டம்பர் 11: "எண் கேட்டியே. இருபது மீட்டர் வட்டத்துக்குள்ள நாப்பத்தொரு மரம். எண்ணிக்கோ." புள்ளி 2071, அக்டோபர் 4: "நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா கேட்டாங்க, எங்க மலையை எந்த மாசம் படம் எடுத்தாங்கன்னு. எனக்குப் பதில் தெரியல. உனக்குத் தெரியுமா ரெமி?"

எனக்குத் தெரிந்திருந்தது, டீனா. அந்த அம்மா ஒரே கேள்வியில் கேட்டதைத்தான் நாங்கள் மூன்று மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்காமல் இருந்தோம்.

புள்ளி 2204: "வருஷா வருஷம் மரம் வெட்டுவீங்களான்னு நம்ம படிவத்துல கேட்டோம். உண்மையைச் சொல்லி, கையெழுத்தும் போட்டாங்க. அந்தக் கையெழுத்துதான் இப்போ பட்டியலா வந்திருக்கு. இனிமே எந்தத் தாளிலும் கையெழுத்து போடமாட்டோம்னு ஊர்க் கூட்டத்துல சொல்லிட்டாங்க. நான் என்ன முகத்தோட நிக்கிறது?"

அப்புறம் 2290, அக்டோபர் 27: "இன்னிக்கு ஜுரம். மரம் அளக்கல, இடத்தை மட்டும் பார்த்துட்டு வந்துட்டேன். இந்தக் கட்டத்தை யாரும் படிக்கிறதில்லன்னு புரிஞ்சுபோச்சு. அதனால எழுத ரொம்ப வசதியா இருக்கு. இங்க மழை. மம்மியோட மீன் குழம்பு சாப்பிடணும் போல இருக்கு."

இரண்டரை மாதமாக உன்னிடமிருந்து அளவுத் தாள்கள் மட்டும் வருகின்றன, ஒரு வரி வரவில்லை என்று நான் உர்ரென்று இருந்தேன். மம்மியிடம், அவளுக்குத் திமிர் என்றுகூடச் சொன்னேன். நீ வாரம் தவறாமல் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

ஜுரம் விட்டதா? எத்தனை நாள் இருந்தது? குளிர் விட்டு விட்டு வந்ததா? ரத்தப் பரிசோதனை செய்தார்களா? இந்த நாலு கேள்விக்கும் பதிலை டிரேவரிடம் எழுதியே கொடுத்தனுப்பு. 'இப்போ பரவாயில்ல' என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். பதினெட்டு நாள் தாமதமாகக் கேட்கிறேன் என்று தெரியும்.

செப்டம்பர் 3-ம் தேதிக் கூட்டத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீ மலை உச்சியில் சிக்னலுக்காக ஒரு மணி நேரம் ஏறிப் போய் நின்று பேசினாய். நான் பதினொரு பேர் கேட்க, "ஒரு ஊரில் மூன்று வாரம் தங்கினால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும், எனக்குக் கதை வேண்டாம், எண் வேண்டும்" என்றேன். உடனே உன் இணைப்பு போய்விட்டது. சிக்னல் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நீதான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை அந்தப் பதினொரு பேருக்கும் கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம் அனுப்பினேன். அதன் வாசகம்: "எண் வேண்டும் என்று கேட்டிருந்தேன். எண் அப்போதே களத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ரெமிஜியஸ்." எரிக் சார், "இதெல்லாம் மினிட்ஸ்ல போடுவாங்களா? வீட்டுல பேசித் தீர்த்துக்கப்பா" என்றார். அலுவலகத்தின் தலைவர் அவர், எதுவும் சொல்லலாம். பதினொரு பேர் முன்னால் சொன்னதை வீட்டுக்குள் மட்டும் மாற்றிச் சொன்னால் கணக்கு சரியாகாது என்றேன்.

திங்கள் மதியத்திலிருந்து நேற்று மாலை வரை நாலு பேரும் அந்த 412 புள்ளிகளையும் முதலிலிருந்து பார்த்தோம். எல்லா மாதப் படமும், மேகத்தோடு. மேகத்தின் ஓட்டை வழியாகக் கொஞ்சம் பச்சை தெரியும், அடுத்த மாதப் படத்தில் வேறு ஓட்டை, வேறு பச்சை. அதையெல்லாம் சேர்த்து ஒரு சரிவின் கதையைப் பிடிக்கவேண்டும். டிரேவர் நாள் முழுக்கப் புலம்பினான். "மூணு மாசம் முன்னாடி மேகத்தைத் தொட்டா கையை வெட்டுவேன்னு சொன்னே. இப்போ மேகத்துக்குள்ளயே குடித்தனம் பண்ணச் சொல்றியே, சரியான பேஜாரு" என்றான். ஆனாலும் அவன்தான் அதிகப் புள்ளி முடித்தான். மறைந்திருந்த குறிப்புகளையும் புள்ளிக்குப் புள்ளி பக்கத்தில் வைத்துக்கொண்டோம். உன் குறிப்பு இருந்த இடங்களில் ஒன்றில்கூட நீ தவறவில்லை. நூற்று இருபத்தாறுக்கு நூற்று இருபத்தாறு. எனக்கு இப்படி ஒரு மதிப்பெண் வாழ்க்கையில் வந்ததில்லை.

உண்மையில் காடு போன 97 இடங்களில், 64 புதுச் சாலையின் இரு ஓரமும். 33 ஒரே வகை மரமாக நட்டுத் தோட்டமாக்கிய சரிவுகள். அங்கே வெட்டியவர்கள் திரும்ப வளரவிடவில்லை. நிறுத்தவேண்டியது அங்கேதான். அதற்குப் பட்டியல் தேவை என்றால் வேறு பட்டியல் எழுதவேண்டும், அதில் உன் ஊர் இருக்காது.

நேற்று ஐந்து இருபதுக்கு தில்லிக்குப் போன் போட்டேன். உத்தியின் வரைவை ஒருங்கிணைக்கும் வீணா மேடத்தை உனக்குத் தெரியும், மைசூர்க்காரர். மாடிப்படியில் நின்று பேசினேன். 412 என்பது 97 என்றேன். அவர் அந்த எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, வரைவு எல்லோருக்கும் போயாகிவிட்டது, இருபத்து நான்காம் தேதி கூட்டத்தில் ஊர்ப் பட்டியலை ஏற்கப்போகிறார்கள், இப்போது வந்து சொல்கிறாயே என்றார். கடந்த கால அழிப்பு குறைந்தால், இனி 'இவ்வளவு குறைத்தோம்' என்று நாடு காட்டவும் குறைவாகத்தான் இருக்கும், இது அங்கே யாருக்கும் இனிக்காது என்றும் சொன்னார். எல்லாம் சரி மேடம், இருந்தாலும் 97 தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "யார்து தப்பு?" என்று கேட்டார். "நந்தே மேடம்" என்றேன். என்னுடையதுதான் என்று சொல்வதற்குக் கன்னடம் வசதியான மொழி. ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது. நான்காவது நடவடிக்கையை இருபத்து நான்காம் தேதிவரை நிறுத்திவைக்கிறேன், ஆனால் மேகம் மூடிய படங்களை நம்பச் சொன்னால் கூட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றார். அவருக்கு வேண்டியது இரண்டு. விட்ட சரிவுகளில் தரையில் நின்று அளந்த முப்பது இடங்கள். எந்தச் சரிவை எந்த வருடம் வெட்டினோம், எப்போது விட்டோம் என்று ஊரார் சொல்லும் வரிசை, அவர்கள் கையெழுத்தோடு. இரண்டும் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமைக்குள் தில்லியில் இருக்கவேண்டும். இருந்தால் பட்டியலை எடுத்துவிடுவேன் என்றார். இல்லையென்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விட்ட சரிவுகளில் நீ இதுவரை மரம் எண்ணி முழுசாக அளந்தது இருபத்தாறு. நாலு குறைகிறது. அது உனக்கு ஒரு நாள் வேலை. கையெழுத்துதான் கஷ்டம். கையெழுத்து போட்டதால்தான் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கும் ஊரிடம் மறுபடி ஒரு தாளை நீட்டவேண்டும். அந்தத் தாளை உன் கையில் கொடுத்தனுப்புவது அயோக்கியத்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. டிரேவர் இன்று பதினொரு மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறான். உயரம் அளக்கும் கருவிக்குப் புது பேட்டரிகளும் இந்தக் கடிதமும் அவனிடம் வருகின்றன. அந்தத் தாள் வரவில்லை. அதை நானே கொண்டுவருகிறேன்.

இனி வீட்டுச் செய்தி. இங்கே நாலு நாளாகத் தூறல், காலையில் நல்ல குளிர். மம்மி நன்றாக இருக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைத்தாயிற்று. ஜாடியைத் திறந்து திறந்து பார்க்காதே என்று என்னைத் திட்டுகிறார், அவரே தினம் இரண்டு தடவை திறக்கிறார். ஜெபமாலை சொல்லும்போது உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார். என் பெயர் நாலாவது. எதிர்வீட்டு ஆஞ்சலா ஆன்ட்டிக்கும் அவர் பூனைக்கும் பிறகு. மீன் குழம்பு விஷயத்தை நேற்று அவரிடம் சொன்னேன். உடனே சந்தைக்குப் போய் மசாலாவுக்கு மிளகாயும் தனியாவும் வாங்கி வந்து வறுத்து அரைத்துவிட்டார், ஒரு டப்பா டிரேவருக்காகத் தயாராக இருக்கிறது. மீன் நீ அங்கே பார்த்துக்கொள். "புளி கம்மியா போடச் சொல்லு, ஜுரம் வந்த உடம்பு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

சரசுவைப் பற்றி ஒன்று. அவளிடம் போய், இனிமேல் விதி எழுதும்போது நீயும் உட்காரவேண்டும் என்று சொன்னேன். "உட்காருறேன் சார், ஆனா நீங்க முதல்ல உட்காரணும். எப்பப் பார்த்தாலும் நின்னுக்கிட்டே பேசுறீங்க" என்றாள். இப்போது என் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். பழக்கமாகவில்லை, இரண்டு தடவை தடுக்கிவிட்டது.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ளவேண்டும். நான் சந்தோஷமாக இருக்கிறேன். எட்டு மாத வேலையில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டவன் இப்படி இருக்கலாமா என்று தெரியவில்லை. நேற்று வீட்டுக்கு வரும் வழியில் வீலர் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர்காரன் என்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனான். கத்தத் தோன்றவில்லை. முந்நூற்றுப் பதினைந்து இடத்தில் காடு இருக்கிறது என்ற நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று நானே எழுதிய காடு. நீ அதற்குள் நடந்து போய் ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்து அளந்திருக்கிறாய். படத்தில் நான் பார்த்தது பழுப்பு நிறச் சதுரம். நீ பார்த்ததை நானும் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

உனக்கும், நீ இருக்கும் வீட்டுக்கும், அந்த ஊருக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புகிறேன் என்று மம்மி சொல்கிறார், நீ வாங்கிக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள், காய்ச்சாத தண்ணீர் குடிக்காதே, வலை போட்டுக்கொண்டு தூங்கு.

உன்,
ரெமிஜியஸ்

கையெழுத்துக்குக் கீழே எழுதுவது சம்பிரதாயம் இல்லைதான். ஆனால் இனிச் செய்யப்போவதைத் தனியாக எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

1. 17-ம் தேதி திங்கள், காலை பத்து மணிக்குள் திருத்திய அத்தியாயம் வீணா மேடத்துக்குப் போகும். நான்காவது நடவடிக்கை இருந்த இடத்தில் சாலையோரமும் தோட்டங்களும். எழுதியவர்கள் வரிசையில் முதலில் உன் பெயர், அடுத்தது சரசு.

2. 18-ம் தேதி காலை விமானம். 19 மாலைக்குள் உன் ஊர். ஜீப் வராவிட்டால் நடப்பேன்.

3. 20-ம் தேதி மீதி நாலு இடங்களையும் அளப்போம். டேப்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். எண்ணை நீ சொல், நான் எழுதிக்கொள்கிறேன். குறுக்கே பேசமாட்டேன்.

4. அன்று மாலை ஊர்க் கூட்டத்தில் எழுந்து, பட்டியலை எழுதியவன் நான்தான், எழுதியது தப்பு என்று சொல்வேன். நீ அதை அவர்கள் மொழியில் சொல்லவேண்டும். மென்மையாக்காதே. அவர்கள் திட்டினால் அதையும் அப்படியே எனக்குச் சொல்.

5. தாளை நான் நீட்டமாட்டேன். அவர்கள் நடுவில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். கையெழுத்து போடுவதா வேண்டாமா என்று அவர்கள் பேசி முடிக்கட்டும், எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. போடவில்லை என்றால், போடாததற்கு அவர்கள் சொல்லும் காரணத்தை எழுதி, 'இது என்னால் வந்தது' என்று கீழே என் கையெழுத்தைப் போட்டு தில்லிக்கு அனுப்புவேன்.

6. 22-ம் தேதிக்குப் பிறகு எனக்கு இரண்டு வாரம் லீவு. எரிக் சாரிடம் சொல்லிவிட்டேன், திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை. அங்கே இரு என்று நீ சொன்னால் இருப்பேன், போ என்றால் மறுநாளே கிளம்பிவிடுவேன். இருக்கச் சொல், டீனா.